மேடை கேளாத சங்கீதம்

சங்கீதம் கேட்பதற்கென்றே ஒரு கட்டடம் எழுப்பி, அதற்குள் வெளிச்சமும் காற்றும் வெளியுலகத்து ஓசையும் எவ்வளவு நுழையலாம் என்பதை முன்கூட்டியே நிர்ணயித்து, பாடுகிறவரை உயரத்திலும் கேட்கிறவரைத் தாழ்விலும் அமர்த்திவைக்கும் ஏற்பாடு இன்று நமக்கு இயல்பானதாகத் தோன்றினாலும், தமிழ்நாட்டுச் சங்கீதத்தின் நெடிய ஆயுளில் அது நேற்று வந்த பழக்கமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையில் தலையெடுத்த சபாக்கள், 1927-இல் அந்நகரில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த சங்கீத மகாநாட்டின் பயனாக 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்த பிறகு ஸ்திரமான உருவம் பெற்றன. நுட்பமான கமகங்கள் நசுங்காமல் செவிக்கு வந்து சேர அமைதியான கூடம் வேண்டும். அந்த உபகாரத்தை நன்றியுள்ள ரசிகர் எவரும் மறுக்கமாட்டார். ஆனால் அதனோடு ஓர் இழப்பும் கலந்தே வந்தது. எது எந்த ஊர், வெளியே மழையா வெயிலா, பக்கத்துத் தெருவில் வாழ்கிறவர்கள் யார், அவர்கள் என்ன தொழில் செய்கிறார்கள் என்னும் விசாரங்கள் எல்லாவற்றையும் வாசலிலேயே நிறுத்திவிட்டு, தான் இருப்பதையே கேட்பவர் மறக்கும்படி செய்வதுதான் நல்ல மண்டபத்தின் லட்சணம் என்று ஆயிற்று.

அதற்கு முந்திய நம் சம்பிரதாயம் இடத்தை இப்படி மறந்ததில்லை. கோயில் உற்சவத்தில் சுவாமி புறப்படும்போது நாகசுரக்காரர் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி வாசிக்கிறார். திருமஞ்சனத்துக்குத் தீர்த்தம் கொண்டுவரும்போது ஒரு மல்லாரி, தளிகை எடுத்துவரும்போது ஒரு மல்லாரி, தேர் அசையும்போது வேறொரு மல்லாரி என்று அது பிரிந்து நிற்கிறது. ஊர்வலம் நிற்கும் இடமும் நகரும் கதியும் இராப்பொழுதின் ஜாமமும் சேர்ந்தே எதை வாசிப்பது என்பதைத் தீர்மானித்தன. சுவர்கள் இல்லாத வெளியில் ஒலியைத் திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லாமையால், நாகசுரமும் தவிலும் பறையும் அத்தனை வலிவோடு உருவாயின. வாத்தியத்தின் வடிவத்தையே வீதிதான் வனைந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

மேல்நாட்டில் 1960-களின் பிற்பகுதியிலிருந்து ஆர்ட் ராக் என்ற பெயரால் வழங்கிவரும் இசையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இந்தப் பழைய உறவே என் மனத்தில் எழுகிறது. நடனத்துக்கும் வியாபாரத்துக்கும் உரிய எளிய பாட்டாகப் பிறந்த ராக் இசையை, ஓவியமும் நாடகமும் கவிதையும் நவீன சங்கீதமும் புகுந்து விளையாடும் ஒரு சோதனைக் களமாக்க முனைந்தவர்களின் படைப்பு அது. அதிலும் ஒரு சாரார், இசைத்தட்டுக் கம்பெனியின் தயவையோ அரங்க முதலாளியின் அனுமதியையோ எதிர்பாராமல், பாட்டையும் கருவியையும் தாமே சமைத்து, விளம்பரத்தைத் தாமே அச்சிட்டு, கிடைத்த இடத்தில், அது கிடங்கானாலும் பாலைவனமானாலும், தாமே கம்பி இழுத்து விளக்கேற்றி வாசித்தார்கள். இந்தத் தன்முயற்சி இசையின் கவர்ச்சி எங்கே இருக்கிறது என்று கேட்டால், இடத்தின் விநோதத்தில் என்று பலரும் எளிதாகப் பதில் சொல்லிவிடுவார்கள். என் அபிப்பிராயம் வேறு. விநோதம் ஒரு மாலைக்குமேல் நிற்பதில்லை. இசைக்கும் இடத்துக்கும் இடையே உண்டாகும் உறவு எத்தகையது என்பதே அந்தக் கவர்ச்சியின் ஆழத்தை அளக்கும் கோல்.

சில திருஷ்டாந்தங்களைப் பார்ப்போம். 1971 அக்டோபரில் பிங்க் ஃபிலாய்ட் குழுவினர் இத்தாலியில் பாம்பேயி நகரத்துப் புராதன அரங்கில், ஒரு ரசிகர்கூட இல்லாமல், படக்கருவிகளின் முன் வாசித்தார்கள். எரிமலைச் சாம்பலில் புதைந்து மீண்ட நகரத்தின் நடுவே அந்த இசை எழும் காட்சி மிக அழகானது. எனினும் அங்கே இடம் ஓர் ஆபரணமாகவே இருக்கிறது. அந்தக் கற்களை எடுத்துவிட்டு வேறு கற்களை வைத்தாலும் பாட்டின் ஒரு சுரமும் மாறாது.

செக்கோஸ்லோவாகியாவில் நிகழ்ந்தது இன்னொரு வகை. 1968-இல், சோவியத் படைகள் பிராக் நகரத்துக்குள் நுழைந்த சில வாரங்களில், பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யூனிவர்ஸ் என்ற குழு தோன்றியது. 1970-இல் சர்க்கார் அவர்களுடைய தொழில்முறை அனுமதியைப் பறித்தது. அதன் பிறகு அவர்கள் கிராமத்துக் களஞ்சியங்களிலும் பண்ணை வீடுகளிலும் நண்பர்களின் கல்யாணங்களிலும் வாசித்தார்கள். இடம் எது என்ற செய்தி வாய்மொழியாகப் பரவ, ஜனங்கள் ரயிலேறியும் காட்டுவழி நடந்தும் போய்க் கேட்டார்கள். 1976-இல் குழுவினரும் அவர்களைச் சேர்ந்தவர்களும் கைதாகி, அவர்களுடைய கலைவழிகாட்டியான இவான் யிரோவுஸ் உள்ளிட்ட சிலர் சிறைத்தண்டனை பெற்றபோது, அந்த வழக்கைக் கண்டு மனம் கொதித்த நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெலும் மற்ற அறிஞர்களும் ஒன்றுதிரண்டதன் பலனே 1977 ஜனவரியில் வெளிவந்த ‘சாசனம் 77’ என்னும் உரிமைப் பிரகடனம். பின்னர் ஹாவெலின் கிராமத்து வீட்டிலேயே அக்குழு வாசித்ததும் உண்டு. இங்கே இடம் ஓர் அடைக்கலம். களஞ்சியத்தின் வைக்கோல் வாசனைக்கு அந்த இசையின் இலக்கணத்தில் பங்கு இருந்திராது; ஆனால் அங்கே வந்து சேர்வதற்கு ஒவ்வொருவரும் ஏற்றுக்கொண்ட அபாயம், கேட்பவரை வாடிக்கையாளர் நிலையிலிருந்து சாட்சி நிலைக்கு உயர்த்தியது.

மூன்றாவது வகை பெர்லினில் பிறந்தது. 1980-இல் மேற்கு பெர்லினில் உருவான ஐன்ஷ்டுர்ட்செண்டே நொய்பௌட்டன் குழுவில் ப்ளிக்ஸா பார்கெல்டும் உன்ரூவும், பணமுடையினால் டிரம்ஸை விற்றுவிட்டு, கட்டட வேலை நடக்கும் இடங்களில் கிடந்த இரும்புத் தகடுகளையும் கம்பிச் சுருள்களையும் தாளக்கருவிகளாக்கினார்கள். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தின் உட்பொந்துக்குள் புகுந்து, அதன் இரும்பையே அடித்து ஒலிப்பதிவு செய்தார்கள். தலைக்குமேல் ஓடும் வண்டிகளின் அதிர்வும் அடியில் எழும் எதிரொலியும் கலந்த அந்த நாதத்தில் பாலம்தான் பிரதான வித்வான். இக்குழு 1984-இல் அமெரிக்காவின் தென்கலிபோர்னியப் பாலைவனத்திலும் வாசித்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் இத்தகைய கச்சேரிகளைப் போலீஸார் அடிக்கடி கலைத்துவந்தமையால், ஸ்டூவர்ட் ஸ்வீஸி என்ற இளைஞர் 1983 முதல் வாடகைப் பள்ளிப் பேருந்துகளில் ரசிகர்களை ஏற்றி மொஹாவி பாலைவனத்துக்கு அழைத்துச் சென்று நடத்திய கூட்டங்களில் அதுவும் ஒன்று. அடைக்கலமாகத் தேடிய இடமே அங்கே வாத்தியமாகவும் ஆயிற்று.

ஆபரணம், அடைக்கலம், வாத்தியம் என்று இம்மூன்றையும் பிரித்துக்கொண்டு பார்த்தால், நான்காவது ஒன்று மிஞ்சுகிறது: இடமே பாட்டின் பொருளாகி, அந்த இடத்துக்கு நேர்ந்ததை அந்த இடத்திலேயே நின்று பாடுவது. அதைத் தேடி வெளிதேசம் போகவேண்டியதில்லை. திருவள்ளூர் ஜில்லாவின் ஒரு மூலையிலிருந்து புறப்பட்டு அதன் மறுமூலை வரை ஓடும் ஒரு நதியைப் பின்பற்றினாலே போதும்.

திருத்தணிக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் பொதட்டூர்பேட்டை நெசவாளர்களின் ஊர். மொழிவாரி எல்லை வகுத்தபோது 1960-இல் சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த அந்த வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்குகின்றன. இரண்டையும் மூடிக்கொண்டு ஒலிப்பது விசைத்தறி. அந்த ஊர்த் தெருக்களில் நடக்கிறவர் முதலில் கேட்பது ஒரு பெரும் இரைச்சல். சற்று நின்று செவிகொடுத்தால், ஒவ்வொரு கூடத்திலும் நாடா இப்பாலும் அப்பாலும் அடிபட்டு ஓடும் தாளம் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும். நிமிஷத்துக்கு நூறு வீச்சுக்குமேல் போகும் தறிகள் பல ஒரே கூரையின்கீழ் ஓடும்போது, ஒன்றின் கதி மற்றொன்றோடு சற்று நேரம் இணைந்து பின் விலகி, விலகியது மீண்டும் வந்து கூடும் அந்த விசித்திரமான லயப் பின்னலை, மேல்நாட்டு நவீன சங்கீதக்காரர்கள் பெரும் பிரயாசையோடு எழுதி உண்டாக்கியிருக்கிறார்கள். தறிக்காரருக்கு அது ஜீவனத்தின் ஓசை. பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமானால் உதட்டசைவும் கைஜாடையுமே கதி. வருஷக்கணக்காக அங்கே உழைத்தவரின் செவி மந்தப்படுவதும் உண்டு. அதே செவி, ஓட்டத்தில் ஏதோ பிசகியதைக் கண் காணுமுன் கேட்டுவிடும் கூர்மையும் பெற்றது. இரைச்சலுக்கு உள்ளேயே பேதம் காணும் இத்தகைய செவியை உடையவர்களுக்கு, இரும்பும் எதிரொலியும் கலந்த இசை அந்நியமாக இருக்கும் என்று நாம் ஏன் முன்கூட்டியே முடிவு கட்டவேண்டும்?

இடத்தோடு கலந்த கலையும் அவர்களுக்குப் புதிதன்று. பொதட்டூர்பேட்டையை உள்ளிட்ட தொண்டைமண்டலத்து வட பகுதியில், திரௌபதியம்மன் கோயில்களில் பாரத உற்சவம் நடக்கும் நாட்களில், பகலில் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்துமாக ஊரே குருக்ஷேத்திரமாகிவிடுகிறது. அர்ச்சுனன் தபசு அன்று கூத்தாடுபவர் வானளாவ நட்ட தபசு மரத்தின்மேல் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் கீழே நிற்பவர்களுக்கு எறிகிறார். பகாசுர வதத்தில் பீமன் சோற்றுவண்டியோடு தெருத்தெருவாகப் போகிறான். இறுதியில் படுகளத்தன்று, மண்ணைக் குழைத்துத் தரையில் கிடத்திய துரியோதனனின் பிரம்மாண்டமான உருவத்தின்மேலும் அதைச் சுற்றிலும் பட்டப்பகலில் சண்டை நடக்கிறது. மேடை என்று ஒன்று இல்லை. மரமும் தெருவும் மண்ணும் பாத்திரங்கள். வேஷக்காரர் தம் கட்டையையும் கிரீடத்தையும் தாமே பேணி, தம் முகத்துக்குத் தாமே அரிதாரம் பூசிக்கொள்கிறார். ஊரார் வரிபோட்டுச் செலவை ஏற்கிறார்கள். மேல்நாட்டு இளைஞர்கள் கம்பெனிகளின் பிடியிலிருந்து தப்பிக் கண்டடைந்த சுதந்திரத்தின் பல அம்சங்கள், இங்கே ஒரு கிராமத்துக் கோயிலின் சாதாரண நடைமுறையாக இருந்துவருகின்றன.

நான் மேலே சொன்ன நதி, இதே வட்டாரத்தில் பள்ளிப்பட்டை ஒட்டி வரும் கொசஸ்தலையாறு. அது 1944-இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கத்தில் தங்கி, பின்னர் கிழக்கே ஓடி எண்ணூரில் கடலோடு கலக்கிறது. மேற்கே தறியோசையைக் கேட்ட நீர் கிழக்கே போய்ச் சேருமிடத்தில், அனல் மின்நிலையங்களும் துறைமுகங்களும் எண்ணெய்க் கிடங்குகளும் கரைகளை நெருக்கி நிற்க, மின்நிலையத்துச் சாம்பல் கழிமுகத்தின் சதுப்பில் படிந்திருக்கிறது. மீனையும் இறாலையும் நம்பி வாழ்ந்தவர்களின் வலைகள் கனம் குறைந்துபோயின. அந்தக் கழிமுகத்தில்தான், 2017 பொங்கல் சமயத்தில் வெளியான ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ படமாக்கப்பட்டது. கபேர் வாசுகி சென்னைப் பேச்சுத்தமிழில் எழுதிய வரிகளை, கர்நாடக ராகங்களின் மாலையாகத் தொடுத்து, டி.எம். கிருஷ்ணா எண்ணூரின் சாம்பலுக்கும் புகைபோக்கிகளுக்கும் நடுவே நின்று பாடினார். சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் இயக்குநர் ரதீந்திரன் பிரசாத்தும் அதற்குப் பின்னிருந்து உழைத்தவர்கள். ஆனந்தபைரவியும் பேகடாவும் சபாவில் கேட்கும்போது தரும் சுகத்தை இங்கேயும் தருகின்றன. ஆனால் பாடகர் சுவாசக் கவசம் அணிந்து நிற்கும் காட்சியைக் கண்டபின், அந்தச் சுகத்தோடு நாம் தனியே இருக்க இயலுவதில்லை. ராகத்தை மூச்சினால் அளக்கும் ஒரு கலையை, மூச்சுவிடுவதே சிரமமான இடத்தில் கொண்டுவந்து வைத்தமையால், இவ்விடம் கெட்டுப்போயிற்று என்ற செய்தி வாதமாக இல்லாமல் அனுபவமாகவே நம்மைத் தாக்குகிறது.

இப்பாட்டு மின்கித்தாரும் டிரம்ஸும் முழங்கும் ராக் அன்று. எனினும் அதன் வேர் அந்த உலகத்தோடு பின்னியிருக்கிறது. கபேர் வாசுகி சென்னையின் தன்முயற்சி இசைக்காரர்களில் ஒருவர். டென்மாவோடு சேர்ந்து குரங்கன் என்ற ராக் குழுவை நடத்தியவர். டென்மா பின்னர், இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையத்தோடு இணைந்து, தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவை அமைத்தார். 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் அக்குழு முதன்முறையாக மேடையேறியபோது, பறையும் சட்டியும் கட்டமேளமும் கித்தாரோடும் டிரம்ஸோடும் சமமாக நின்றன. வடசென்னைத் தெருக்களில் இறந்தவர் வீட்டு வாசலில் இரவெல்லாம் ஒலித்துவந்த கானா, ஆயிரக்கணக்கான ஜனங்கள் திரண்ட திறந்த வெளியில் தலைநிமிர்ந்து ஒலித்தது. கானாவை விட எதிர்பாராத இடத்தில் பிறந்த சங்கீதம் எது? பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டு, துக்கத்தின் பாரத்தைத் தாளத்தால் தூக்கி நிறுத்தும் அந்தக் கலை, சபா வாசலை ஒருநாளும் மிதியாமலே தன் இலக்கணத்தைத் தானே வகுத்துக்கொண்டது.

இதே காலத்தில், 2015 முதல், சென்னை பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவ மக்களோடு சேர்ந்து கிருஷ்ணாவும் நித்யானந்தும் நண்பர்களும் நடத்திய விழாவையும் இங்கே நினைக்கவேண்டும். கர்நாடக சங்கீதமும் பறையாட்டமும் பரதநாட்டியமும் கூத்தும் ஒரே குப்பத்து மேடையில் நிகழ்ந்தன. தொண்டர்களின் உழைப்பும் சாமானியர்களின் நன்கொடையும் அதைத் தாங்கின. நகரத்தின் மறுபாதியில் வாழ்கிற ரசிகர்கள், தம் கடற்கரைக்குப் பக்கத்திலேயே இருந்தும் ஒருநாளும் நுழையாத சந்துக்குள் சங்கீதத்தின் பொருட்டு நுழைந்தார்கள் என்பது அவ்விழாவின் சிறு பயன் அன்று.

இவ்வளவு சொன்னபின் ஓர் ஆட்சேபத்தையும் சீர்தூக்கிப் பார்ப்பது அகத்தியம். வெளியிலிருந்து வருகிற கலைஞர் குப்பத்தையும் தறிக்கூடத்தையும் சாம்பல் மேட்டையும் தம் கலைக்கு உரம் தேடும் இடங்களாக உபயோகித்துவிட்டுத் திரும்பிப் போகிறார். அங்கே வாழ்கிறவர்களுக்கு அவ்விடம் சோதனைக் களமன்று, அவர்களுக்குப் போக வேறு இடமில்லை என்பார்கள். இந்த ஆட்சேபம் நியாயமானது. வறுமையும் சிதைவும் அழகான பின்னணி ஆகிவிடும் அபாயம் இவ்வகைக் கலையில் எப்போதும் உண்டு. பாம்பேயியில் கற்களுக்கு நேர்ந்தது மனிதர்களுக்கு நேருமானால் அது பெரும் பிழை. ஆனால் அதற்குப் பரிகாரம் சபாவுக்குத் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதன்று. யாருடைய இடமோ அவர்களைக் கேட்டு, அவர்களுடைய உழைப்பு நேரத்துக்கு இடையூறில்லாமல், அவர்களுடைய பாட்டுக்கும் முறைவைத்து, ஒருமுறை வந்ததோடு நில்லாமல் மறுபடியும் வருவது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவ்விடத்திலேயே பிறந்தவர்கள் கருவியைக் கையிலெடுக்கும்போது வழிவிட்டு விலகி நிற்பது. இந்த மரியாதைகளைக் கடைப்பிடிக்கும் இசைக்கு இடம் என்பது இரவல் பொருள் ஆகாது. அங்கே விருந்தாளி யார், விருந்தளிப்பவர் யார் என்பது தெளிவாக இருக்கும்.

தன்முயற்சி என்பதற்கு நான் காணும் ஆழ்ந்த அர்த்தமும் இதுவே. பணம் இல்லாமையால் தாமே செய்வது அதன் ஆரம்பம் மட்டும். ஒருவரும் முன்னேற்பாடு செய்துவைக்காத இடத்தில் கச்சேரி நடக்கவேண்டுமானால், ஒருவர் மின்கம்பி இழுக்கிறார், ஒருவர் பாய் விரிக்கிறார், ஒருவர் தண்ணீர் கொண்டுவருகிறார், எதிர்வீட்டு அம்மாள் தன் திண்ணையை விட்டுக்கொடுக்கிறார். பாட்டு தொடங்குமுன்பே அங்கே கூடியிருப்பவர்களில் பெரும்பாலோர் அதன் கர்த்தாக்களாகிவிடுகிறார்கள். சீட்டு வாங்கி உள்ளே வந்தவருக்குக் குறைகூறும் உரிமை உண்டு. பாய் விரித்தவருக்கோ அந்த மாலை நன்றாக அமையவேண்டுமே என்ற கவலை உண்டு. அந்தக் கவலையோடு கேட்கிற செவிக்குச் சங்கீதம் வேறுவிதமாகவே விழுகிறது. படுகளத்து மண்ணைக் குழைத்தவர் துரியோதனன் வீழ்வதைப் பார்க்கும் பார்வை, தூரத்திலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவருக்கு வாய்ப்பதில்லை.

பொதட்டூர்பேட்டையைப் போன்ற ஊர்களிலும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றிய குடியிருப்புகளிலும், இன்று கித்தாரும் கைப்பேசி ஒலிப்பதிவும் எட்டாப் பொருள்கள் அல்ல. எட்டாதிருப்பது, நம் ஊர் பாடுவதற்குத் தகுதியான இடந்தான் என்ற நம்பிக்கை. இசை என்பது சென்னைக்கு ரயிலேறிப் போய்க் கேட்பது, மேடை என்பது எவரோ அழைத்தபின் ஏறுவது என்று நினைத்துச் சங்கோசப்படும் இளைஞர்களிடம், உங்கள் தறிகள் ஓய்ந்திருக்கும் ஒரு விடுமுறை மாலையில் அந்தக் கூடத்துக் கூரையின்கீழேயே தொடங்குங்கள், அந்தத் தகரமும் எதிரொலியும் உங்களுக்கு வாய்த்த சொத்து, கூத்து வாத்தியாரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. முதல் மாலை செம்மையாக அமையாமல் போகலாம். சுருதி விலகலாம், கேட்க வந்தவர்கள் பாதியில் எழுந்து போகலாம். அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. தன் ஊரின் ஓசையைத் தானே எடுத்து வாசிக்கப் பழகிய ஜனங்களுக்கு, அந்த ஊரின் காற்றுக்கும் நீருக்கும் கேடு வரும்போது அதைக் காதில் வாங்காமல் இருப்பது கடினம். இக்கலையை இளைஞர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவைக்க எனக்கு மனம் வராததற்கு அதுவே காரணம்.